"நாங்களே செட் பண்ணித் தர்றோம்" என்றால் நம்பாதீர்கள்: 14,100 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம்தான் அந்தக் கடையிலிருந்து கடைசியாகத் திரும்பி வந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 14,100 ரூபாய் போயிருக்கிறது. கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று மச்சான் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. கோவையில் சென்சார், போர்டு, ரோபோ கிட் விற்கும் கடை. ப்ராஜெக்ட் சீசனில் இன்ஜினியரிங் காலேஜ் பசங்க படிக்கட்டு வரைக்கும் நிற்பார்களே, அந்த மாதிரிக் கடை. ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் கணபதியில் சின்னதாக மோட்டார் பேனல் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். காண்டாக்டர், ஓவர்லோடு ரிலே எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வயர் பண்ணிவிடுவேன். புரோகிராம் எழுதி ஓட்டும் குட்டிச் சிப்பான மைக்ரோ கன்ட்ரோலர் எனக்குப் புதுசு. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மூன்று கிணற்றுக்கும் பேனல் கேட்டார். மும்முனை மின்சாரம் வந்தால் போனுக்கு மெசேஜ் வர வேண்டும், தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் தானாக நிற்க வேண்டும். ரெடிமேடாகவே கிடைக்கிற சாமான்தான். நாமே செய்தால் நாலு காசு நிற்குமே என்ற நப்பாசை எனக்கு.

கடையில் எஸ்டிஎம்32 நியூக்ளியோ-64 என்ற மைக்ரோ கன்ட்ரோலர் போர்டு எடுத்துக் காட்டினார்கள். சோதித்துப் பார்ப்பதற்கென்றே வரும் போர்டு அது. போர்டைச் செய்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களுடைய கையேட்டில் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. அந்தக் கையேட்டைப் பற்றி நான் கேட்டபோது கவுண்டரில் இருந்தவர் சிரித்தார். "அதையெல்லாம் படிச்சிட்டு உக்காந்தீங்கன்னா பொழப்பு ஓடாதுங்ணா. பவர் சப்ளை செட்டிங் நாங்களே பண்ணி, பாக்ஸ்ல போட்டு, ஜாக் வெச்சுத் தர்றோம். நீங்க 12 வோல்ட் அடாப்டரக் குத்துனாப் போதும்."

டீ வாங்கிக் கொடுத்தார். எந்த ஊருங்க என்று கேட்டார். அவருக்கு அன்னூராம், என் அம்மா ஊரும் அந்தப் பக்கம்தான். அப்புறம் என்ன, பேச்சு அவினாசி தேர் வரைக்கும் போய்விட்டது. பேசிக்கொண்டே ஒரு போர்டை யு.எஸ்.பி. கேபிளில் சொருகிக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது, பக்கத்தில் பச்சை மினுக்கியது. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் பணத்தை எடுத்தேன். போர்டு மூன்று, தலா 2,850. அடாப்டர் மூன்று, தலா 450. பெட்டி, அடாப்டர் குத்தும் ஜாக், செட்டிங் கூலி எல்லாம் சேர்த்து போர்டுக்கு 1,400. ஆக 14,100. பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நம்ம ஊர்க்காரர்தானே என்று அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

யு.எஸ்.பி.யில் எரிந்ததற்கும் 12 வோல்ட்டில் எரிவதற்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

பட்டறைக்கு வந்து முதல் பெட்டியில் அடாப்டரைக் குத்தினேன். டப் என்று ஒரு சத்தம், கருகிய வாசம். சரி, இது ஒன்று கோளாறு போல என்று இரண்டாவதையும் குத்தினேன். அதுவும் அதேதான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் போனேன். "போலாரிட்டி மாத்திக் குத்தியிருப்பீங்க" என்றார், அதாவது பிளஸ்-மைனஸ் மாறிவிட்டதாம். அடாப்டரும் உங்களுடையது, ஜாக்கும் நீங்கள் வைத்தது, நான் எதை மாற்றுவது? உடனே மூன்றாவது பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, "இப்பப் பாருங்க" என்று அவரே குத்தினார். டப். கடையில் நின்ற பசங்க திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் ஒரு நொடிதான் மாறியது. "மூணும் ஒரே லாட்டுங்ணா, கம்பெனிக்கு அனுப்பி மாத்தித் தர்றேன்" என்று அங்கே இருந்த இரண்டை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். நல்லவேளை, ஒன்றைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஓனர் வெளியூர். போன் பிஸி. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேற்று நேரில் போய் நின்றேன். "பிசினஸுக்கு வாங்கினதுக்கு வாரண்டி கிடையாதுங்க, சீட்டுல வாரண்டின்னு போட்டிருக்கா பாருங்க" என்கிறார். முதல் நாள் அண்ணா என்று கூப்பிட்ட வாய், நேற்று சார் என்றது. உள்ளே வைத்த இரண்டு போர்டு எங்கே என்றால், கம்பெனியில் ரிஜெக்ட் பண்ணிவிட்டார்களாம். 14,100 ரூபாய்க்கு அவ்வளவுதான் பதில்.

மச்சான் பீளமேட்டில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து மிச்சமிருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். அந்தப் போர்டில் ஜேபி5 என்று ஒரு ஜம்பர் உண்டு, கரன்ட் எங்கிருந்து என்று தேர்ந்தெடுக்க இரண்டு பின்னை இணைக்கும் குட்டி மூடி. யு.எஸ்.பி. கரன்ட் என்றால் 1-2, வெளிக் கரன்ட் என்றால் 2-3. அதைச் சரியாகத்தான் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் வெளிக் கரன்ட் கொடுக்க இரண்டு வழி இருக்கிறது. வின் என்ற பின்னில் 7 முதல் 12 வோல்ட் கொடுக்கலாம். இ5வி என்ற பின்னில் 4.75 முதல் 5.25 வரைதான். சிஎன்7 என்ற பின் வரிசையில் வின் 24-ஆவது பின், இ5வி 6-ஆவது பின். ஜாக்கிலிருந்து வந்த சிவப்பு வயரை 6-இல் பற்ற வைத்திருந்தார்கள். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் நேராக 12 வோல்ட்! வயர் வைத்த பிறகு ஒரு தடவை கூட அடாப்டரைக் குத்திப் பார்க்கவில்லை. எனக்குக் காட்டியதெல்லாம் அதற்கு முன்னால் யு.எஸ்.பி.யில்.

மச்சான் இன்னொன்றும் சொன்னார். வின்னில் சரியாகவே கொடுத்திருந்தாலும், 9 வோல்ட்டைத் தாண்டினால் போர்டு 250 மில்லி ஆம்பியர்தான் தாங்குமாம். போனுக்கு மெசேஜ் அனுப்பும் சிம் மாட்யூல் சிக்னல் அனுப்பும்போது ஒரு கணம் 2 ஆம்பியர் வரை இழுக்கும், அதற்குத் தனி சப்ளை வேண்டும். என்ன வேலைக்கு வாங்குகிறேன் என்று நான் வாய் வலிக்கச் சொன்னேன். கடைக்காரர் கேட்டுக்கொண்டே டீ குடித்தார்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் கொடுக்கப் போகிறேன். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவனையும் சட்டம் நுகர்வோர் என்றுதான் சொல்கிறது. பில் இல்லாதது மட்டும் உறுத்துகிறது.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், பொறுமை இல்லை. பில் இல்லாமல் வாங்காதீர்கள். எந்த அடாப்டரில் ஓடப் போகிறதோ அதிலேயே, உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். குத்துவதற்கு முன் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் செட்டிங்) வைத்து ஜாக் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று பாருங்கள். ஒன்று புகைந்தால் அடுத்ததைக் குத்தாதீர்கள். கெட்டுப்போன போர்டைச் சீட்டு வாங்காமல் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

தோப்பு அண்ணன் காலையிலிருந்து மூன்றாவது தடவை போன் அடிக்கிறார். அவரிடம் வாங்கிய அட்வான்ஸும் அந்த 14,100-இல்தான் இருக்கிறது.