கால் மணிக்கு ஒரு தடவை அணைந்த விளக்குகள்: டச் பேனலில் ஃபர்ம்வேர் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கவனம்

காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் பெரிய வீட்டை வைத்துக்கொண்டு, வயதானவர்களை அங்கே விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். எனக்குப் போன பணம் ஒரு லட்சத்துக்கு மேல். அதைவிட, 79 வயது ஆத்தா ஒன்றரை மாதம் இருட்டில் தட்டுத் தடுமாறினார். அதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. செய்தவரின் பெயரையும் கடையின் பெயரையும் எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீடு பள்ளத்தூரில். முகப்பில் நுழைந்து பட்டாலை (முன்கூடம்), வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு (வீட்டின் அடுத்த பகுதி), அடுப்படி என்று பின்வாசல் வழியாக வெளியே வந்தால் அடுத்த தெரு. ஐந்து புள்ளிக்கு, அதாவது ஐந்து குடும்பத்துக்குப் பாத்தியப்பட்ட வீட்டில் இப்போது இருப்பது ஆத்தாவும், துணைக்கு ஒரு அம்மாவும்தான். சாயங்காலம் விளக்குப் போடவும் ராத்திரி அணைக்கவும் ஆத்தா அந்த நீளம் முழுக்க நடக்க வேண்டும். கட்டுக்குக் கட்டு படி இறங்கி ஏற வேண்டும். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கட்டில் பக்கத்தில், சுவிட்சுக்குப் பதிலாகத் தொடுதிரை உள்ள ஒரு டச் பேனல் இருந்தால் படுத்தபடியே எல்லாக் கட்டு விளக்கையும் அணைக்கலாமே என்றுதான் நான் ஆரம்பித்தேன்.

நான் தேர்ந்தெடுத்தது 3.5 அங்குலத் திரையும், கீழே அழுத்துகிற இரண்டு பட்டனும், உள்ளே விளக்கைப் போட்டு அணைக்கும் இரண்டு ரிலேயும், வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சில்லும் உள்ள பேனல். வாங்கியபடியே மாட்டினால் அது தயாரித்தவர்களின் ஆப்போடும் சர்வரோடும் பேசும். எங்கள் ஊரில் பிராட்பேண்ட் ஒரு மழைக்குப் போனால் திரும்ப வர இரண்டு நாள் ஆகும். அதனால்தான் வேறு ஃபர்ம்வேர், அதாவது பேனலுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள். டாஸ்மோட்டா, ஈஎஸ்பிஹோம் போன்றவற்றை ஏற்றினால் பேனல் வீட்டு வைஃபைக்குள்ளேயே வேலை செய்யும், வெளியே இருக்கிற எந்த சர்வரையும் நம்ப வேண்டாம். இரண்டுமே இலவசம். டாஸ்மோட்டாவை ஆரம்பித்தவர் நெதர்லாந்துக்காரரான தியோ ஆரெண்ட்ஸ். ஈஎஸ்பிஹோம் 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கில்லாத அமைப்பின் கையில் இருக்கிறது. இதெல்லாம் படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். சென்னையில் இருந்துகொண்டு உட்கார்ந்து செய்ய நேரமில்லை என்று ஆளைத் தேடினேன்.

வந்தவர் நன்றாகத்தான் பேசினார். "அண்ணே, நானே எழுதின சாப்ட்வேர். கம்பெனி சர்வரே வேண்டாம். ஆச்சிக்குத் தமிழ்லயே பேர் வரும்" என்றார். ஒன்பது பேனல், ஒன்றுக்கு 7,500. ஃபர்ம்வேர் மாற்ற ஒன்றுக்கு 2,000. வயரிங் 14,500. மொத்தம் ஒரு லட்சம். பில் கேட்டதற்கு "அப்புறம் தருகிறேன்" என்றார். நானும் விட்டுவிட்டேன். அது என் பெரிய தவறு.

வயருக்காகச் சுவரில் காடி வெட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். எங்கள் பகுதி வீடுகளின் சுவர்கள் உங்களுக்குத் தெரியும், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பூச்சு. கை வைத்தால் கண்ணாடி போலக் குளிர்ச்சியாக இருக்கும். அந்த வேலை தெரிந்த கொத்தனார் இன்று கிடைப்பதே அரிது. நான் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் பட்டாலைச் சுவரில் இரண்டடிக்கு கிரைண்டர் போட்டு வெட்டி, மேலே பட்டி பூசி வைத்திருந்தார். ஐயா காலத்துச் சுவரில் வெள்ளைத் தழும்பு மாதிரி அது நிற்கிறது. இனி அதைச் சரிசெய்ய வழியில்லை.

தமிழ்ப் பெயர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். அந்தத் திரையில் தமிழ் எழுத்துகள் சேர்ந்து வரவில்லை. "கொ" என்று எழுதினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளித் தள்ளி நின்றன. ஆத்தாவால் படிக்க முடியவில்லை. "அப்டேட்டில் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவேயில்லை.

இரண்டு மாதம் ஓடியது. அப்புறம் ஒருநாள் போன்: "அண்ணே, சர்வர் சார்ஜ். பேனலுக்கு வருஷத்துக்கு ஆயிரம், ஒன்பதாயிரம் ஆச்சு." என்ன சர்வர் என்றேன். சர்வரே வேண்டாம் என்றுதானே இவ்வளவும்? லைசென்ஸ், பராமரிப்பு என்று ஏதேதோ சொன்னார். தர மாட்டேன் என்றேன். நாலு நாள் கழித்து ஆத்தா கூப்பிட்டார். "விளக்கு தானா அணையுது. கட்டில்ல இருக்கிற பெட்டியும் மத்த கட்டு விளக்கைக் கேக்க மாட்டேங்குது."

போட்ட விளக்கு சிறிது நேரத்தில் அணைந்துவிடும். பேனலும் ஒரு கணம் கண்ணை மூடித் திறக்கும். பட்டனை அழுத்தினால் மறுபடி எரியும், பிறகு மறுபடி அணையும். ஒன்பது பேனலும் அப்படியே. அவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "வீடு பழசு அண்ணே, வோல்டேஜ் ஏறி இறங்குது, பேனல் தாங்க மாட்டேங்குது" என்று 11,500 ரூபாய்க்கு ஒரு ஸ்டெபிலைசரை மாட்டிவிட்டுப் போனார். நானும் நம்பினேன். பழைய வீடு என்றாலே வயரிங்கில்தான் கோளாறு என்று நமக்கே ஒரு நினைப்பு இருக்கிறதே. ஸ்டெபிலைசர் வந்த பிறகும் விளக்கு அணைந்தது. அப்படி ஒரு ராத்திரி வளவில் இருந்து இரண்டாம் கட்டுக்கு இறங்கும்போது இருட்டாகி, ஆத்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். விழவில்லை. பர்மா தேக்குத் தூணுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சுவிட்சையே தொடவில்லை, சார்ஜ் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார்.

உண்மையைக் கண்டுபிடித்தது ஆத்தாதான். நான் ஊருக்குப் போனபோது தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள் ஒன்றை நீட்டினார். பின்பக்கம் பென்சிலில் வரிசையாக: 7.10, 7.25, 7.40, 7.55, 8.11. "வோல்டேஜுன்னா நேரம் காலம் பார்த்தா வரும்? இது கடிகாரம் மாதிரி வருதே" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு லட்சம் கொடுத்த நான் கேட்காத கேள்வி அது.

என் தங்கை மகன் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். தாளைப் பார்த்ததும், "அம்மான், பதினஞ்சு நிமிஷம்னா இது வோல்டேஜ் இல்லை, சாப்ட்வேர்" என்றான். மெயினை அணைத்து, பேனலின் முன்பாதியை அடியில் இருக்கிற மின்சாரப் பகுதியில் இருந்து கழற்றி, சில்லை லேப்டாப்போடு இணைக்கும் 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் அடாப்டர் ஒன்றைப் போட்டு லேப்டாப்பில் வாசித்தான். இதைச் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: 230 வோல்ட் இணைப்பில் இருக்கும்போது சீரியல் வயரைத் தொடவே கூடாது, ஆளுக்கும் லேப்டாப்புக்கும் ஆபத்து. அடாப்டர் 5 வோல்ட்டில் இருந்தால் சில்லு கெட்டுவிடும்.

திரையில் ஓடிய வரிகளில் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. அவர் "நானே எழுதினது" என்றது ஈஎஸ்பிஹோம். பேனல்கள் வீட்டுக்குள் ஒன்றோடொன்று பேசவில்லை. எம்க்யூடிடி என்ற செய்திப் பரிமாற்ற முறையில், அவர் வாடகைக்கு வைத்திருக்கும் இணையச் சர்வர் ஒன்றுக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தன. ஆத்தா கட்டிலில் இருந்து அடுப்படி விளக்கை அணைத்தால், அந்தச் சேதி ஊரைச் சுற்றிவிட்டு அடுப்படிக்கு வரும். ஈஎஸ்பிஹோமில் ஒரு வழக்கம் உண்டு. எம்க்யூடிடி சர்வரோடு தொடர்பு கிடைக்காமல் 15 நிமிடம் போனால், எங்கோ சிக்கிக்கொண்டோம் என்று கருதிச் சாதனம் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். அதன் அமைப்புக் கோப்பில் அந்தக் காத்திருப்பு நேரத்தைச் சுழியம் என்று எழுதினால் அது நின்றுவிடும், ஒரே ஒரு வரி. ரிலேக்கும் வேறு எதுவும் சொல்லாவிட்டால், மறுதொடக்கத்துக்குப் பிறகு அணைந்த நிலையில்தான் நிற்கும். அதுவும் ஒரு வரிதான். இரண்டையும் அவர் எழுதவில்லை. நான் ஒன்பதாயிரம் தர மறுத்ததும் எங்கள் கணக்கை மூடினார். பேனல்கள் கால் மணி நேரம் காத்திருந்து, மறுதொடக்கம் ஆகி, விளக்கை அணைத்து, மறுபடி காத்திருந்தன. 8.11-இல் ஒரு நிமிடம் கூடியிருந்ததற்கும் காரணம் கிடைத்தது: ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்கப் பிடித்த சில நொடிகள் சேர்ந்துகொண்டே போயிருக்கின்றன.

காரணம் தெரிந்தே ஸ்டெபிலைசரை விற்றிருக்கிறார். கணக்கை மூடியது அவர் கைதான். எனக்கு ஆறாத இடம் அதுதான்.

இன்னொன்று. அந்த ஃபர்ம்வேரை மருமகன் அப்படியே படித்து எடுத்தபோது அதற்குள் எங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் கிடந்தது. எந்த நேரத்தில் எந்தக் கட்டு விளக்கு எரிகிறது, வீட்டில் ஆள் நடமாட்டம் உண்டா இல்லையா என்ற தகவல் இரண்டு மாதம் முன்பின் தெரியாத ஒருவரின் சர்வருக்குப் போயிருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

அதோடு முடியவில்லை. சந்தேகத்தில் வேறொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பேனல் பெட்டிகளைத் திறக்கச் சொன்னேன். இந்தப் பேனல் வேலை செய்ய ஃபேஸோடு (மின்சாரம் வரும் வயர்) நியூட்ரலும் (அது திரும்பும் வயர்) வேண்டும். முகப்பில் இருந்த இரண்டு பழைய சுவிட்ச் பெட்டிகளில் நியூட்ரல் கிடையாது. நம்மவர் என்ன செய்திருந்தார் தெரியுமா? எர்த் வயரை எடுத்து நியூட்ரல் இடத்தில் கொடுத்திருந்தார். எங்காவது அந்த எர்த் விட்டுப்போனால், அதோடு சேர்ந்திருக்கிற ஃப்ரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றின் உடம்பிலும் மின்சாரம் வந்து நிற்கும். கசிவைக் கண்டு அணைக்கிற ஆர்சிசிபி வீட்டில் இருந்திருந்தால் அன்றைக்கே இறங்கிக் காட்டிக்கொடுத்திருக்கலாம். எங்கள் வீட்டில் இல்லை. இப்போது போட்டுவிட்டோம். டச் பேனல் மாட்டிய எல்லோரும் இதை ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வேலை முடிந்ததும் ஆள் அங்கே இருக்கும்போதே பிராட்பேண்ட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். அப்புறம் ரவுட்டரையும் அணைத்துவிட்டு, முகப்பு விளக்கைப் போட்டு, அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்து காப்பி சாப்பிடுங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும், பட்டனும் வேலை செய்ய வேண்டும். நான் செய்திருந்தால் பதினைந்தாவது நிமிடத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஒவ்வொரு பேனலின் அமைப்புக் கோப்பையும் அதில் இருக்கிற எல்லாப் பாஸ்வேர்டுகளையும் வாங்காமல் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். "அது என் தொழில் ரகசியம்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஈஎஸ்பிஹோமில் எழுதியது அவருடைய ரகசியம் கிடையாது, அது நம் வீட்டுச் சாவி. கம்பியில்லாமல் புது ஃபர்ம்வேர் ஏற்றும் பாஸ்வேர்டு எங்களிடம் இல்லாததால் ஒன்பது பேனலையும் கழற்றிச் சீரியல் வழியாகவே மாற்ற வேண்டியிருந்தது. பழைய ஃபர்ம்வேரை மாற்றுவதற்கு முன் பிரதி எடுத்து வைக்கச் சொல்வதும் முக்கியம். எங்களுக்கு அவர் எடுக்கவில்லை, இனி கம்பெனி நிலைக்குத் திரும்பவும் முடியாது, வாரண்டியும் போய்விட்டது.

எந்தப் பேனலாக இருந்தாலும் மாற்றித் தருகிறேன் என்பவரையும் நம்ப வேண்டாம். வெளியே ஒரே மாதிரி இருக்கிற மலிவு சுவிட்சுகள் பலவற்றில் இப்போது பேக்கன் என்ற வேறு சில்லு வருகிறது. அதில் டாஸ்மோட்டா ஓடாது. என் பெரியப்பச்சி (பெரியப்பா) மகன் கொத்தமங்கலத்தில் அப்படி நாலு சுவிட்சுக்கு இதே ஆளிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கிறார்.

மருமகன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினான். சேதிகள் இப்போது வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒரு சின்னக் கணினியோடு நிற்கின்றன. அது அணைந்தாலும் விளக்கு அணையாது. தமிழ்ப் பெயர்களை எழுத்தாக அனுப்பாமல் படமாக வரைந்து திரையின் பின்னணியில் வைத்துவிட்டான். "பட்டாலை", "வளவு", "அடுப்படி" என்று அழகாக வருகிறது. முகப்பில் நியூட்ரல் இல்லாத இரண்டு இடத்தில் பழைய சுவிட்சையே திரும்பப் போட்டுவிட்டோம், அங்கே சுவரை இன்னொரு தடவை வெட்ட எனக்கு மனமில்லை.

பில் இல்லை என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். யூபிஐயில் பணம் போன விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் சான்றாகும் என்றார்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். பிறகு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆத்தா பெயரிலேயே மனு கொடுத்தோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், சம்பவம் நடந்த இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். மனுவோடு இணைத்த முதல் ஆவணம் அந்த நாள்காட்டித் தாள். இதே ஆளிடம் வேலை கொடுத்தவர்கள், பேனல் தானாக அணைகிறது என்றால், நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.