பத்தாயிரம் ரூபாய்க்கு எம்டிபி சைக்கிளின் எடையைக் குறைத்ததில் எது தேறியது

என்னுடையது ஐந்து வருடத்துக்கு முன் 21,000 ரூபாய்க்கு வாங்கிய 29 இன்ச் சக்கர எம்டிபி, அதாவது மலைப்பாதைக்கான சைக்கிள். அலுமினிய ஃபிரேம், ஸ்பிரிங் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவை), டிஸ்க் பிரேக், முன்னால் மூன்று பின்னால் ஏழு என்று 21 கியர். அந்த விலைக்கு எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஏறக்குறைய இதுதான் கிடைக்கும். வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, தினமும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டுதான் ஏறி இறங்குகிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரி ஏறுவேன். எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று தோன்றியதற்கு இந்த இரண்டு ஏற்றங்களும்தான் காரணம்.

முதலில் எடை போட்டுப் பார்த்தேன். விமானப் பயணத்துக்குப் பெட்டியைத் தொங்கவிட்டு நிறுப்பார்களே, அந்தக் கொக்கித் தராசு நானூறு ரூபாய்தான். அதில் சைக்கிளைத் தொங்கவிட்டால் 15.9 கிலோ. கழற்றிய பாகங்களைச் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து நோட்டில் எழுதி வைத்தேன். இதைச் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள், ஏனென்றால் கையில் எடுத்துப் பார்த்து "லேசாக இருக்கிறது" என்று நினைத்த பல பாகங்கள் தராசில் வைத்ததும் பழைய பாகத்தின் எடையையே காட்டின.

காசு செலவழிக்காமல் குறைந்தது 720 கிராம். சைடு ஸ்டாண்டு மட்டுமே 340. அப்புறம் இரண்டு மட்கார்டு, பின் சக்கரத்தில் ஸ்போக்குக்கும் ஃப்ரீவீலுக்கும் (பின் பல்சக்கரங்களின் அடுக்கு) நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் தட்டு, பாட்டிலே வைக்காத இரண்டாவது பாட்டில் ஸ்டாண்டு. விளக்கையும் பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டரையும் கழற்றவில்லை, நீங்களும் கழற்ற வேண்டாம். மழைக்காலத்தில் மட்கார்டு இல்லாமல் முதுகெல்லாம் சேறு அடிக்கும் என்பதால் சீட் குழாயில் கிளிப் மாதிரி மாட்டுகிற சின்னது ஒன்று வைத்திருக்கிறேன், தேவைப்படும்போது மாட்டிக்கொள்வேன். இன்னொன்று, பையில் கிடந்த இரும்புச் சங்கிலிப் பூட்டு 900 கிராம். மலைக்குப் போகிற அன்றைக்கு அதை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன். தண்ணீரும் அப்படித்தான். இரண்டு லிட்டர் சுமந்தால் இரண்டு கிலோ. ஒரு பாட்டிலோடு கிளம்பி வழியில் குஞ்சப்பனையில் நிரப்பிக்கொண்டால் போதும்.

காசு போட்டதில் முழு மனதோடு சிபாரிசு செய்வது டயரை. சைக்கிளோடு வந்தது கம்பி விளிம்பு வைத்த பட்டன் டயர், ஒன்று 920 கிராம். மாற்றிப் போட்டது மாக்சிஸ் ஐகான், 29×2.20, மடித்து வைக்கிற வகை. விளிம்பில் இரும்புக் கம்பிக்குப் பதில் நார் இருப்பதால் சட்டை மாதிரி மடிக்கலாம். என் தராசில் ஒன்று 680, இன்னொன்று 690. இரண்டுக்கும் சேர்த்து 470 கிராம் குறைந்தது, தள்ளுபடியில் 5,400 ரூபாய் ஆனது. பட்ஜெட்டில் பாதி இதிலேயே போய்விட்டதே என்று வாங்கும்போது கொஞ்சம் யோசித்தேன்தான். ஆனால் இந்த டயரின் பெரிய பலன் எடையில் வந்தது இல்லை. பட்டன்கள் சின்னதாக, நெருக்கமாக இருக்கின்றன, பக்கச்சுவர் மெலிசாக நன்றாக வளைகிறது, அதனால் தார் ரோட்டில் "ர்ர்ர்ர்" என்று இழுக்கிற அந்தச் சத்தமும் இழுவையும் பாதியாகிவிட்டன. காற்றழுத்தம் ரோட்டுக்கு 35 பிஎஸ்ஐ, மண் பாதைக்கு 28 வைக்கிறேன், என் எடை 72 கிலோ.

இதைக் கணக்குப் போட்டும் பார்த்தேன். கோத்தகிரி ரோடு சுமார் 33 கிலோமீட்டர், உயரம் ஏறுவது ஏறக்குறைய 1,450 மீட்டர். என்னால் மணிக்கணக்கில் விடாமல் மிதிக்க முடிவது 150 வாட் அளவுக்குத்தான். ஒரு கிலோவை அவ்வளவு உயரம் தூக்க 14 கிலோஜூல் ஆகும், 150 வாட்டில் அதற்கு ஒன்றரை நிமிடம். அதாவது ஒரு கிலோ குறைத்தால், இரண்டரை மூன்று மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது அந்த ஒன்றரை நிமிடம்தான்! உருளும்போது டயர் தின்கிற சக்தியோ அதே பாதையில் அரை மணி நேரத்துக்குச் சமம், நல்ல டயர் போட்டால் அதில் பத்து நிமிடம் வரை மிச்சம் பிடிக்கலாம். என் நேரமும் கிட்டத்தட்ட அப்படியே மாறியது. முன்பு 3 மணி 12 நிமிடம், டயர், டியூப் மாற்றி வேண்டாததையெல்லாம் கழற்றிய பிறகு 2 மணி 58 நிமிடம். தூக்கம், வெயில், காற்று என்று நாளுக்கு நாள் வித்தியாசம் வரும், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் எடை குறைக்கக் கையில் காசு வைத்திருக்கிற யாரிடமும் நான் முதலில் சொல்வது டயரை மாற்று என்றுதான்.

அடுத்தது டியூப். சாதாரண ரப்பர் டியூப் ஒன்று 225 கிராம் இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் பாலிதீன் பை மாதிரி வருகிறதே, டிபியு டியூப், அது 85 கிராம். இரண்டும் சேர்த்து 1,500 ரூபாய், 280 கிராம் மிச்சம். கொடுத்த காசுக்குக் குறைகிற எடையைப் பார்த்தால் டயரைவிட இதுதான் லாபம். ஆனால் நம் ஊரில் இதோடு குடித்தனம் பண்ணுவதில் சில சங்கடங்கள் உண்டு. வால்வு ஒல்லியான வகை, பஞ்சர் கடை பம்ப் அதில் பொருந்தாது. முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிற பித்தளை அடாப்டர் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்க வேண்டும். நம் சைக்கிள் ரிம்மில் ஓட்டை கார் வால்வுக்கு ஏற்ற மாதிரி பெரிதாக இருக்கும், அதற்கு ஒரு ரப்பர் வளையமும் தேவை. டயருக்கு வெளியே வைத்து ஊதிப் பார்க்கவே கூடாது, ஒரு தடவை விரிந்தால் பழைய அளவுக்குச் சுருங்காது. ரிம்மைப் பிடிக்கிற பிரேக் இருந்தால் மலை இறக்கத்தில் ரிம் சூடாகி டியூபுக்கு ஆபத்து, டிஸ்க் பிரேக்குக்கு அந்தப் பயம் இல்லை.

முதல் பஞ்சர் காரமடை தாண்டி. ரோட்டோரக் கடையில் வயதான அண்ணன் ஒருவர், டியூபை வெளியே எடுத்தவர் இரண்டு விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ரப்பரே இல்லீங்களே தம்பி" என்றார். இருந்தாலும் அரம் போட்டு, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். ஒரு கிலோமீட்டர் கூடப் போகவில்லை, காற்று இறங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் ஒட்டு தோல் உரிகிற மாதிரி அப்படியே கையோடு வந்தது. அவர் மேல் தப்பே இல்லை. இந்த டியூபுக்கு ரப்பர் சொல்யூஷன் பிடிக்காது, இதற்கென்று தனி ஒட்டு இருக்கிறது, ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். அன்றிலிருந்து அந்த ஒட்டு நாலும், மடித்த டிபியு டியூப் ஒன்றும் பையில் வைத்திருக்கிறேன். உபரி டியூபே உள்ளங்கையில் அடங்கிவிடுவது உண்மையிலேயே பெரிய வசதி.

சீட் குழாய் இரும்பில் வந்திருந்தது, 520 கிராம். அலுமினியக் குழாய் 650 ரூபாய், 290 கிராம். யோசிக்காமல் வாங்கலாம். பழைய குழாயின் அடியில் பொறித்திருக்கிற விட்டத்தை மட்டும் பார்த்து அதே அளவில் வாங்குங்கள், அரை மில்லிமீட்டர் மாறினாலும் உள்ளே போகாது, இல்லாவிட்டால் இறங்கிக்கொண்டே இருக்கும். சீட்டை மாற்றவில்லை. உட்கார்ந்து பழகிய சீட்டை 150 கிராமுக்காக விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் காசை வீணாக்கியது கிராங்கில், அதாவது பெடல் மாட்டுகிற முன் பல்சக்கரத் தொகுதியில். முன்னால் மூன்று செயின்வீலையும் எடுத்துவிட்டு ஒன்று மட்டும் வைத்தால் முன் டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடுகிற பாகம்), இடது கை ஷிஃப்டர், கேபிள் எல்லாம் போய்விடும், 680 கிராம் குறையும். எல்லா வீடியோவிலும் இதைத்தான் சொல்கிறார்கள். பழைய கிராங்கில் பல்சக்கரங்கள் ரிவெட் அடித்து வந்ததால் கிராங்கையே மாற்ற வேண்டியதாயிற்று, 32 பல்லோடு 1,900 ரூபாய். சமதளத்தில் அருமையாக இருந்தது. கோத்தகிரி ரோட்டில் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே முழங்கால் சொல்லிவிட்டது. என் பின் ஃப்ரீவீலில் பற்கள் 14, 16, 18, 20, 22, 24, அதற்கப்புறம் நேராக 34. முன்னால் மூன்று இருந்தபோது 24க்கும் 34க்கும் நடுவில் இருக்கிற அந்தப் பள்ளத்தை முன் கியரை மாற்றிச் சமாளித்தோம். ஒற்றைச் செயின்வீலில் அதற்கு வழியே இல்லை, ஒன்று முக்கி முக்கி மிதிக்க வேண்டும், இல்லையென்றால் வெறுமனே கால் சுற்ற வேண்டும். கடைசி கியரும் பழையபடி முன்னால் 24, பின்னால் 34 பல் வைத்த அளவுக்கு லேசாக வராது. 600 ரூபாய் கொடுத்து 30 பல்லுக்கு மாறினேன், அந்த நான்கு போல்ட் கிராங்கில் அதற்குக் கீழே போக முடியாது. இரண்டு மாதம் பொறுத்துவிட்டுப் பழைய கிராங்கையே திரும்ப மாட்டிவிட்டேன். 2,500 ரூபாய் போனது. பின்னால் 9 அல்லது 10 கியர், பெரிய பல்சக்கரம் 42க்கு மேல் என்று இருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஏழு கியர்க்காரர்கள் மலைப்பக்கம் போவதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.

கார்பன் ஹேண்டில்பார் பற்றியும் ஒரு வார்த்தை. 1,600 ரூபாய்க்குப் பெயர் இல்லாத ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து 5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவதற்குள்ளேயே, ஹேண்டில்பாரைப் பிடிக்கிற ஸ்டெம்முக்குள் நொறுநொறு என்று சத்தம். அன்றைக்கே திருப்பி அனுப்பினேன், காசு வந்துவிட்டது. இறக்கத்தில் ஐம்பது வேகத்தில் போகும்போது கையில் பிடித்திருக்கிற ஒரே பாகம் அது. நூறு கிராமுக்காக அதில் விளையாட எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது சைக்கிள் 14.2 கிலோ. இனி மிச்சம் இருப்பது ஃபோர்க். என்னுடைய ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரைக் கிலோவுக்கு மேல். காற்று ஃபோர்க் வாங்கினால் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும், குறைவது அரைக் கிலோ சொச்சம். சஸ்பென்ஷன் இல்லாத ரிஜிட் ஃபோர்க் போட்டால் செலவு மூன்றில் ஒரு பங்கு, குறைவதோ ஒன்றரைக் கிலோ. ஆனால் பழைய ஃபோர்க்கின் உயரத்துக்கு ஈடாக இருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் முன்பக்கம் தாழ்ந்து ஸ்டியரிங் படபடக்கும். எனக்கோ கோத்தகிரியில் எஸ்டேட் மண் பாதைகளிலும் இறங்க ஆசை, அங்கே கல்லும் வேரும் அதிகம். கோவைப் பக்கம் ரிஜிட் ஃபோர்க்கோடு எம்டிபி ஓட்டுகிறவர்கள் இருந்தால், அந்த மாதிரிப் பாதையில் மணிக்கட்டு தாங்குகிறதா என்று சொல்லுங்கள், அதைக் கேட்டுவிட்டு வாங்குகிறேன்.