டர்பனிலிருந்து "ஒரே நாளில் பிக் ஃபைவ்": குவாசுலு-நட்டால் போகிறவர்கள் பணம் கட்டும் முன்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான். வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வரும். முதல் பக்கத்தில் மரக்கிளையில் கால்களைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கும் சிறுத்தை. உள்ளே மூன்றாம் நாள்: "டர்பனிலிருந்து பிக் ஃபைவ் சஃபாரி, மாலையில் ஹோட்டல் திரும்புதல்." (பிக் ஃபைவ் என்றால் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை.) பாதிப் பணம் அட்வான்ஸ், வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும்.

அந்த மூன்றாம் நாள் இரண்டு விதமாகக் கெடும்.

ஒன்று, வண்டி பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கமாக ஒரு மணி நேரம்கூட ஓடாது. வேலி போட்ட ஒரு சின்னத் தனியார் ரிசர்வில் நிற்கும். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, மான் வகைகள் எல்லாம் உண்டு. பார்க்க அழகாகவே இருக்கும். சிங்கம் எங்கே என்றால், "புதருக்குள் இருக்கும், இன்றைக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்பார் டிரைவர். அந்த வேலிக்குள் சிங்கமே கிடையாது என்பது வீட்டுக்கு வந்து தேடிப் பார்க்கும்போதுதான் தெரியும். இல்லாத மிருகத்துக்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்வது அங்கே பழைய தந்திரம்.

இரண்டாவதில் வண்டி உண்மையிலேயே ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசிக்குப் போகும். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது கிட்டத்தட்ட "ஷ்லுஷ்லுவே". 1895-இல் அறிவிக்கப்பட்டது, ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களில் ஒன்று. வெள்ளைக் காண்டாமிருகம் அழியாமல் தப்பியது இந்த மண்ணில்தான். பிக் ஃபைவ் ஐந்தும் உண்டு. ஆனால் டர்பனிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் சுமார் 280 கிலோமீட்டர். போக மூன்றரை மணி நேரம், வர அதே அளவு. ஹோட்டலில் காலை உணவு முடித்து ஏழு மணிக்குக் கிளம்பினால் கேட்டைத் தொடும்போது பத்தரை தாண்டிவிடும். அந்நேரம் சிங்கம் நிழலில் கிடக்கும், யானை பள்ளத்தாக்கில் இறங்கியிருக்கும். உள்ளே வேக வரம்பு மணிக்கு 40 கிலோமீட்டர், பரப்போ ஏறக்குறைய 960 சதுர கிலோமீட்டர். இருட்டுவதற்குள் டர்பன் சேர வேண்டும் என்று இரண்டு மணிக்கே திருப்பிவிடுவார்கள். மிருகங்கள் நடமாடும் விடியலும் சாயங்காலமும் நெடுஞ்சாலையிலேயே கழிந்துவிடும்.

இந்தக் காப்பகத்துக்கு டூர் பேக்கேஜே தேவையில்லை. சாதாரண செடான் காரிலேயே உள்ளே ஓட்டலாம். நம்மூர் மாதிரியே இடப்பக்க ஓட்டுதல்தான். இரண்டு இரவு உள்ளேயே தங்குங்கள்: வடக்கில் ஹில்டாப் முகாம், தெற்கில் ம்பீலா முகாம். இரண்டும் மாகாண வனவிலங்கு அமைப்பான எஸெம்வெலோ நடத்துபவை, அவர்களிடமே நேராகப் பதிவு செய்யலாம். ம்பீலாவில் கழுதைப்புலி முகாமுக்குள்ளேயே வரும். வெளியே அடுப்பில் கறியை வைத்துவிட்டு உப்பு எடுக்க உள்ளே போனால் திரும்பி வரும்போது கம்பி வலை மட்டும் இருக்கும். இடம் கிடைக்கவில்லையென்றால் கிழக்கே இருக்கும் செயின்ட் லூசியா ஊரில் தங்குங்கள். ம்துபதூபா வழியாக ஆர்618 சாலையில் ந்யலாசி கேட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கேட் நேரம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை 5 முதல் மாலை 7, மற்ற மாதங்களில் 6 முதல் 6. வடக்கு குவாசுலு-நட்டாலில் மலேரியா ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. போகும் மாதத்தைச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள்.

பிடிஎஃபில் நீளக் கொம்போடு காண்டாமிருகம் நிற்கும். வேட்டைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற 2024 முதல் இந்தக் காப்பகத்துக் காண்டாமிருகங்களின் கொம்பை வெட்டி வருகிறார்கள். மொட்டை மூக்கோடு இருப்பதைப் பார்த்து யாரிடமும் சண்டை போட வேண்டாம், அது ஏமாற்று இல்லை. பழைய படத்தைப் போட்டு விற்றவரிடம் மட்டும் கேளுங்கள்.

அடுத்தது பார்க் கட்டணம். தலைக்கு, நாளுக்கு ஒரு வனவிலங்குப் பாதுகாப்பு லெவி உண்டு. தென்னாப்பிரிக்கருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிட அதிகம். கொட்டேஷனில் "சஃபாரி உட்பட" என்று மட்டும் இருந்தால் கேட்டில் டிரைவர் ரொக்கம் கேட்பார். "எங்கள் எத்தனை பேருக்கும், எத்தனை நாளுக்கும் வெளிநாட்டவர் லெவி உட்பட" என்று எழுத்தில் வாங்குங்கள். ரொக்கம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் கேட் ரசீதை உங்கள் கையில் வாங்கி, எந்த விலையில் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு விலைக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் யார் சட்டைப்பைக்குப் போகிறது என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும்.

"வாட் 15 சதவீதம் ஏர்போர்ட்டில் திரும்பக் கிடைக்கும், அதனால் எங்கள் விலை உண்மையில் குறைவு" என்று ஒரு பேச்சு உண்டு. பொய். திரும்பக் கிடைப்பது 250 ரேண்டுக்கு மேல் வாங்கி நாட்டைவிட்டு எடுத்துப்போகும் பொருளுக்கு மட்டும், அதுவும் வரி இன்வாய்ஸ் இருந்தால். ஹோட்டல், வண்டி, கைடு எதற்கும் கிடையாது.

கைடு என்று வருகிறவர் சட்டப்படி பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பேட்ஜும் அடையாள அட்டையும் இருக்கும். எந்த வகைக் கைடு, எந்தத் தேதிவரை செல்லும் என்பது அட்டையில் இருக்கும். காசு வாங்கி ஆள் ஏற்றும் டிரைவருக்குத் தொழில்முறை ஓட்டுநர் பர்மிட் தனியாக வேண்டும். அது இல்லாதவர் வண்டியில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்க இடம் இருக்கிறது. வண்டியில் ஏறும் முன் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். முறையாகத் தொழில் செய்கிறவர் இதற்குக் கோபப்படமாட்டார்.

"தமிழ் பேசும் கைடு" என்பதற்குக் கூடுதல் பணம் கேட்டால் ஒருமுறை போனில் பேசிப் பாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் 342 பேர் டர்பனில் இறங்கினார்கள், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக. அவர்கள் வழிவந்த பிள்ளை, நாயுடு, "கோவெண்டர்" ஆகிப்போன கவுண்டர் எல்லாம் இன்றும் அங்கே இருக்கிறார்கள். கோயில் இருக்கிறது, காவடி இருக்கிறது, வீட்டுப் பேச்சு மட்டும் பெரும்பாலும் ஆங்கிலமாகிவிட்டது. பெயரைப் பார்த்துத் தமிழ் வரும் என்று நாம் நினைப்பதைத்தான் டூர் விற்கிறவர்கள் காசாக்குகிறார்கள்.

அதிகம் அழவைப்பது சானி பாஸ். டிராகன்ஸ்பர்க் மலையில் ஏறி லெசோத்தோ நாட்டுக்குள் போகும் பாதை, உச்சி சுமார் 2,870 மீட்டர். ஏறுவதற்கு நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி கட்டாயம், சாதாரண வாடகைக் காரை அடிவாரத்திலேயே திருப்பிவிடுவார்கள். டூர் விற்கிறவர் "பாஸ்போர்ட் மட்டும் கொண்டு வாருங்கள்" என்பார். பல நாட்டுக்காரர்களுக்கு அது போதும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்தப் பேச்சை நம்பாதீர்கள். லெசோத்தோ விசா விதியைப் போகும் தேதிக்குத் தனியாகச் சரிபாருங்கள். உங்கள் தென்னாப்பிரிக்க விசா ஒருமுறை நுழைவுக்கானதென்றால் வெளியே போய்த் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். எல்லைச் சாவடியில் உங்களை மட்டும் இறக்கிவிட்டு ஜீப் மேலே போய்விடும், பணம் திரும்பாது. பதிவு செய்யும்போதே "இந்தியப் பாஸ்போர்ட், எல்லையில் மறுத்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள். பதிலே வராமல் போனால் அதுவே பதில்.

வாடகைக் காரில் ஏமாற்று கவுண்டரில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும், நம் டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள். "ஃபுல் கவர்" என்று சொன்னாலும் டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் பலசமயம் வெளியே நிற்கும். இங்கே அடிபடுவதும் அந்த மூன்றுதான். ஜிபிஎஸ் குறுக்கு வழி என்று கிராவல் சாலையில் இறக்கிவிடும், கல் தெறிக்கும். வண்டி வாங்கும்போது நாலு டயரின் பக்கவாட்டையும், கண்ணாடியையும், முன் பம்பரின் அடி விளிம்பையும் வீடியோ எடுங்கள், ஊழியரின் குரல் அதில் பதியட்டும். என்2-வில் டோங்காட், ம்வோட்டி, ம்துன்சினி என்று டோல்கள் வரும். கார்டு வேலை செய்யாவிட்டால் கைக்கு ரேண்ட் ரொக்கம் வேண்டும். அதை ஊருக்குள் வங்கிக்கு உள்ளே இருக்கும் ஏடிஎம்மில் எடுங்கள். உதவ வருகிறவர் எவ்வளவு நல்ல மனிதராகத் தெரிந்தாலும் கார்டைத் தொட விடாதீர்கள்.

"சுலு வரலாறும் பண்பாடும், அரை நாள்" என்பது ஒரு நடன நிகழ்ச்சி, கொஞ்சம் பீர், ஒரு கடை. ஆட்டம் நன்றாக இருக்கும், வரலாறு இருக்காது. வரலாறு இசாண்ட்ல்வானாவில் இருக்கிறது. 1879 ஜனவரி 22 அன்று சுலு படை பிரிட்டிஷ் முகாமை அழித்த மலையடிவாரம் அது. பிரிட்டிஷ் தரப்பில் 1,300-க்கும் மேற்பட்டோர் விழுந்தார்கள். விழுந்த இடங்களில் வெள்ளையடித்த கற்குவியல்கள், புல்லுக்கு நடுவே, சில தனியாக, சில கொத்தாக, ஓடியவர்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று காட்டிக்கொண்டு கிடக்கின்றன. கைடு இல்லாமல் போனால் அது கல்லும் மலையும்தான். மற்ற இடத்தில் மிச்சம் பிடித்த பணத்தை இங்கே நல்ல போர்க்கள கைடுக்குக் கொடுங்கள். டண்டி ஊரில் இரவு தங்கினால் அதே போரின் இன்னொரு களமான ரோர்க்ஸ் டிரிஃப்டையும் அதே நாளில் பார்க்கலாம், பக்கத்தில்தான். டர்பனிலிருந்து "போய்வருதல்" என்று விற்றால் வாங்காதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்துக்கு "காந்தி டூர்" என்று தனியாகக் காசு கேட்பார்கள். 1893-இல் அவரை இறக்கிவிட்ட இடம், ஒரு பலகை, டர்பனிலிருந்து என்3-இல் சுமார் 80 கிலோமீட்டர். வண்டி இருந்தால் நீங்களே போகலாம்.

சிங்கக் குட்டியைத் தூக்கி போட்டோ எடுக்கலாம் என்று அழைக்கும் இடம் எதுவானாலும் போகாதீர்கள். தாயிடமிருந்து சில வாரத்திலேயே பிரித்த குட்டிகள் அவை. தந்தம், தோல், எலும்பு, முள்ளம்பன்றி முள் எதையும் "பர்மிட் தருகிறோம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்காதீர்கள், சென்னையில் கஸ்டம்ஸ் மேஜையில் நிற்கப்போவது நீங்கள். நினைவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஹ்லபீசா பக்கத்து இலாலா பனை ஓலைக் கூடையை வாங்குங்கள். தண்ணீர் ஒழுகாத அளவுக்கு நெருக்கமாகப் பின்னியிருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரியக் கூடாது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள்: கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பிடிஎஃப், வாட்ஸ்அப் பேச்சு, கேட் ரசீது மூன்றையும் சேர்த்து ஊர் திரும்பியதும் வங்கியில் டிஸ்ப்யூட் (பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார்) போடுங்கள். நாள் கடந்தால் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். கணக்குக்கு நேராக அனுப்பியிருந்தால் இந்த வழி இல்லை.