எச்.ஓ.ஏ போர்டோடு மோதல்: கேஸா, கணக்கா, ஓட்டா?

அமெரிக்காவில் வீடு வாங்கியவர்களுக்கு எச்.ஓ.ஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) போர்டின் மேல் கோபம் வந்தால் முதலில் தோன்றுவது, 'மாதச் சந்தாவை நிறுத்திவிடுவோம்' என்பதுதான். அதை மட்டும் செய்யாதீர்கள். பாக்கிக்காக வீட்டையே ஈடாகப் பிடிக்கும் பற்றுரிமையைச் சங்கம் போடலாம்; பல மாநிலங்களில் ஏலம் வரைக்கும் போகலாம்.

சரி, கேஸ் போடலாமா? உங்கள் வக்கீலுக்கு நீங்கள் கொடுப்பீர்கள். போர்டின் வக்கீலுக்கும் உங்கள் சந்தாவிலிருந்துதான் போகும். கலிஃபோர்னியாவில் சங்க விதிகளை வைத்துப் போட்ட கேஸில் தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் செலவும் உங்கள் தலையில். அங்கே ஒரு குடியிருப்பில் கரையான் வந்தது. கட்டடம் முழுக்கப் புகை போடாமல், அரித்த இடங்களில் மட்டும் மருந்தடித்தது போர்டு. வீட்டுக்காரர் ஒருவர் கேஸ் போட்டார். நல்லெண்ணத்தோடு விசாரித்து எடுத்த முடிவென்றால் கோர்ட் தலையிடாது என்று 1999இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தப்பான முடிவு வேறு, முறைகேடு வேறு.

அந்த வித்தியாசத்தைக் காட்டுவது காகிதம். அதனால் என் ஓட்டு கணக்குக் கேட்பதற்கே. டெக்சஸில் பதிவுத் தபாலில் கேட்டால் 10 வேலை நாளில் காட்ட வேண்டும், முடியாவிட்டால் தேதி சொல்ல வேண்டும். மறுத்தால் ஜஸ்டிஸ் கோர்ட் எனும் உள்ளூர்ச் சிறு கோர்ட்டில் மனுப் போடலாம். கலிஃபோர்னியாவில் காரணமில்லாமல் மறுத்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் 500 டாலர் வரை அபராதம். வக்கீல் இல்லாமல், சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டிலேயே கேட்கலாம். மொட்டையாக 'எல்லாக் கணக்கும் வேண்டும்' என்று எழுதாதீர்கள். 'போன வருஷத் தோட்ட வேலைக்கு வந்த கொட்டேஷன்கள், ஒப்பந்தம், பில், அதை ஏற்ற கூட்டத்தின் மினிட்ஸ்' என்று கேளுங்கள். வந்தது ஒரே கொட்டேஷன், அதுவும் தலைவரின் மச்சான் கம்பெனி என்றால், கேஸுக்கு அப்போதுதான் பல் முளைக்கிறது.

இல்லை, திருட்டு எதுவும் இல்லை, வெறும் அடாவடிதான் என்றால் போர்டை ஓட்டுப் போட்டு இறக்குவதே மலிவு. ஃபுளோரிடாவில் மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் கையெழுத்துச் சேர்ந்தால் கூட்டம்கூடக் கூட்ட வேண்டாம். கஷ்டம் என்னவென்றால், வீடு வீடாக நடக்க வேண்டும். பாதிப் பேர் கதவே திறக்க மாட்டார்கள், வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டுக் கிடையாது. கையில் அந்த மச்சான் பில்லின் நகல் இருந்தால் கதவுகள் கொஞ்சம் சீக்கிரம் திறக்கும்.

மத்தியஸ்தம்? கலிஃபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் பல தகராறுகளில் கேஸுக்கு முன் அதற்கு முயன்றே ஆக வேண்டும். வேலி, பெயின்ட் சண்டைக்கு நல்லது. கமிஷன் வாங்கியவரோடு பேசி என்ன ஆகப்போகிறது? ஃபுளோரிடாவில் 2024 முதல் அப்படிக் கமிஷன் வாங்குவது போர்டு ஆளுக்குக் கிரிமினல் குற்றம். நேரே போலீஸுக்குப் போகலாம்.