இமிக்விமோட் 5% க்ரீம்: 16 வாரத்தில் தோல் படும் பாடு

இது மருவைச் சுட்டெடுக்கும் மருந்தல்ல. தோலிலுள்ள நோய் எதிர்ப்பு செல்களின் டிஎல்ஆர்-7 என்ற ஏற்பியைத் தூண்டி, வைரஸை எதிர்க்கும் புரதமான இன்டர்ஃபெரானைச் சுரக்க வைக்கும்; மருவைக் கரைப்பது உடம்புதான். அதனால் தொடக்கத்தில் பலருக்கு ஒன்றுமே தெரியாது. ‘வேலை செய்யலையே’ என்று தினமும் தடித்துப் பூச ஆரம்பிப்பது அப்போதுதான். இரண்டு மூன்று வாரம் கழித்துப் புண்ணோடு அவதிப்படுவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

பிறப்புறுப்பு, ஆசனவாயின் வெளிப்புற மருக்களுக்கு வாரம் 3 இரவு, ஒருநாள் விட்டு ஒருநாள். 250 மி.கி. சாஷே ஒன்று 20 சதுர செ.மீ. பரப்புக்குப் போதும். மருவின் மேல் மெல்லிசாகப் பூசி, வெள்ளை மறையும்வரை தேய்த்தால் சரி. வெள்ளையாகப் படிந்து நின்றால் அளவு அதிகம். அது பக்கத்துத் தோலுக்குப் பரவி அங்கேயும் எரியும். 6 முதல் 10 மணி நேரம் கழித்து மிதமான சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். மேலே பிளாஸ்டர் ஒட்டக் கூடாது. திறந்த சாஷேயில் மிச்சம் இருந்தால் குப்பைக்குத்தான்.

சிவப்பு, அரிப்பு, லேசான எரிச்சல், செதில் உரிவது எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. மேல்தோல் வழன்று நீர் கசிந்து, காலையில் உள்ளாடை ஒட்டிக்கொண்டால் அது எல்லை. வெடுக்கென்று இழுக்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிரியுங்கள். அன்றிரவே மருந்தை நிறுத்தி, தோல் ஆறும்வரை சில நாள் விட்டுவிட்டு அதே அளவில் தொடரலாம். இந்த இடைவெளியால் சிகிச்சை கெட்டுப்போகாது. விட்ட நாளுக்குச் சேர்த்துப் பூசுவதுதான் கெடுக்கும். எரிச்சல் தாங்காமல் கையில் கிடைத்த ஸ்டீராய்டு க்ரீமைத் தடவுவது வீண்வேலை: மருந்து மூட்டிய எதிர்ப்புத் தீயை நாமே அணைத்த கதை. ஆழமான புண், சிறுநீர் கழிக்கவே முடியாத வீக்கம் என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். முன்தோல் உள்ளவர்கள் தினமும் அதைப் பின்தள்ளிக் கழுவ வேண்டும். வீங்கி இறுகினால் உடனே நிறுத்த வேண்டும்.

சிலருக்குக் காய்ச்சல், உடம்புவலி, அசதி வரும். ஃப்ளூ என்று நினைத்து மருந்தைத் தொடர்வார்கள். தோல் அழற்சி கடுமையாகும்போது இதுவும் சேர்ந்து வந்தால் க்ரீம்மீது சந்தேகப்படலாம்.

மரு முழுதாக உதிர்ந்தவர்களில் பெண்களுக்கு 8 வாரம், ஆண்களுக்கு 12 வாரம் என்பது சோதனைகளில் கண்ட இடைநிலைக் கணக்கு. 16 வாரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. கை, பாதத்தின் தடித்த மருக்களுக்கு இதை நம்பி உட்காராதீர்கள். கெட்டித்தோலைத் தாண்டி மருந்து சரியாக இறங்காது.

க்ரீம் தோலில் இருக்கும்போது உடலுறவு கூடாது. ஆணுறையின் ரப்பரையும் அது பலவீனமாக்கும்.

நிறமாற்றத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. புண் ஆறிய இடம் வெளுத்தோ கறுத்தோ போகலாம். மாநிறத் தோலில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். சிலருக்கு அது நிரந்தரமாகவே தங்கிவிடுகிறது.