வாட்ஸ்அப் தகவலா, காலைப் பத்து நிமிடமா?

கோபிசெட்டிபாளையத்தில் ஐந்து பேர் வேலை செய்யும் சிறிய பல் மருத்துவமனை எங்களுடையது. உதவியாளர் ஒருவர் விலகும் செய்தியை வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். விடுப்பில் இருந்தவருக்கும் உடனே போய்ச் சேர்ந்தது. தேதியும் எழுத்தில் நின்றது. ஆனால் நீல டிக் விழுந்ததே தவிர, கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரம் இனி யார் பொறுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் போன மறுநாள் கருவித் தட்டு கிருமிநீக்கம் ஆகாமல் கிடந்தது. 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் ஓடி, உலர்ந்து முடியும்வரை, பல் பிடுங்க வந்த பெரியவர் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்.

அடுத்தவர் விலகியபோது, கதவு திறக்கும் முன் நின்றபடியே பத்து நிமிடம் பேசினோம். "சனிக்கிழமை எனக்கு மாற்று யாருங்க?" என்று வரவேற்பில் இருக்கும் அக்கா உடனே கேட்டார். அந்தக் கேள்வி குழுவில் வந்திருக்காது. எனக்கு நேர்ப்பேச்சுதான், முடிவான பணிப்பட்டியலை மட்டும் குழுவில் போடுகிறேன்.