காந்தம் திருப்பினால் போதுமா, ஓட்டவும் வேண்டுமா?

திரவத்தில் நீந்தும் கண்ணுக்குத் தெரியாத நுண் இயந்திரங்களைப் பற்றிய கேள்வி இது. 2004இல் வந்த தங்க-பிளாட்டினக் குச்சிகள் சுமார் 2 மைக்ரோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு) நீளம். ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற வேதிப்பொருளை எரிபொருளாகத் தின்று தாமாகவே ஓடும். ஆனால் திசை அவற்றின் கையில் இல்லை. நடுவே நிக்கல் பட்டை வைத்தால் காந்தப்புலம் ஸ்டீயரிங் ஆகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், பட்டை மெல்லியது என்பதால் குறுக்குவாட்டில் காந்தமாகிறது. குச்சி புலத்துக்குச் செங்குத்தாக ஓடுகிறது. சீரான புலம் இழுப்பதில்லை, திருப்புவதோடு சரி.

இன்னொன்று, 2009இல் கோஷ், ஃபிஷர் என்ற ஆய்வாளர்கள் செய்த கோபால்ட் பூசிய கண்ணாடித் திருகு. சுழலும் புலத்தில், மரத்தில் இறங்கும் திருகாணி போல நீரைத் துளைத்துப் போகும். எரிபொருளே வேண்டாம். புலத்தை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஆகவே இதைத் ‘தானே ஓடுவது’ என்பது கொஞ்சம் அதிகம்தான். புலம் மிக வேகமாகச் சுழன்றாலும் திருகு பின்தங்கித் தடுமாறும்.

உடலுக்குள் அனுப்புவதென்றால் என் ஓட்டு திருகுக்கே. ரத்தத்தில் பெராக்சைடை யார் ஊற்றுவது?